ஆறு ஆம்புலன்ஸ், ஒரு நோயாளி

பீம்! பீம்! பீம்!

கலா பேக்கரியின் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி திடீரென்று அலறியது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், ரயில் வருகையை அறிவிப்பது போல நிதானமாகச் சொன்னது.

"சென்னியப்பன். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது."

உள்ளே மாவறையில், முழங்கை வரை மைதா அப்பியிருந்த சென்னியப்பன் தலையைத் தூக்கினார். அந்தக் கடையின் மாஸ்டர் அவர். ஐம்பத்தாறு வயது. ஒரு காய்ச்சலுக்குக்கூட லீவு போட்டதில்லை.

"எனக்குங்களா?" என்றார் பெட்டியைப் பார்த்து.

பெட்டி அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

"ரெஜினா. மாரடைப்பு. ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது."

கேக்கின் மேல் கிரீமால் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' எழுதிக்கொண்டிருந்த ரெஜினாவின் கை பாதியில் நின்றது.

"ராக்கியண்ணன். மாரடைப்பு. ராக்கிமுத்து. மாரடைப்பு."

பன் உருட்டிக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தார்கள்.

"உனக்கு வலிக்குதா?" என்றான் அண்ணன்.

"இல்லியே. உனக்கு?"

"கலாமணி. மாரடைப்பு. ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது."

கடையின் முதலாளி கலாமணி, தேங்காய் பிஸ்கட் வெட்டும் அச்சைக் கையில் பிடித்தபடி தன் நெஞ்சைப் பற்றிய செய்தியைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது.

ஆறாவது பெயர் வந்தது.

"திருமூர்த்தி."

சிரிப்பு நின்றது.

"அட கெரகமே! மூர்த்தீ!" சென்னியப்பன் மாவுக் கையோடு முன்பக்கம் ஓடினார்.

கல்லாவுக்குப் பின்னால், பப்ஸ் அலமாரியின் அடியில், திருமூர்த்தி ஒருக்களித்துக் கிடந்தான். கார்த்திகை மாதக் குளிரிலும் அவன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வளையல் அடுக்கியது போல ஆறு பட்டைகள். ஆறும் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தன.

*

ஆறு ஆம்புலன்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றதில் பல்லடம் சாலையில் போக்குவரத்தே நின்றுபோனது. பேக்கரியில் ஏதோ வெடித்துவிட்டது என்று எதிர்த்த செல்போன் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார்.

முதல் வண்டியிலிருந்து குதித்த இளைஞன் கையில் இருந்த திரையைப் பார்த்துக் கத்தினான்.

"சென்னியப்பன் யாருங்க?"

"நாந்தானுங்க."

"நீங்க நிக்கக் கூடாதுங்க. படுங்க, படுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. இவனப் பாருங்க!"

"இவர் யாரு? திருமூர்த்தியா? அவருக்கு ஆறாவது வண்டிங்க. நான் உங்களுக்கு வந்தவன்."

"ஏந்தம்பி, சாகக் கெடக்கறவன உட்டுப்போட்டு நின்னுட்டு இருக்கறவனத் தூக்கிட்டுப் போவீங்களா?"

அப்போதுதான் இளைஞன் கீழே கிடந்தவனின் கையைப் பார்த்தான். பட்டைகளைப் பார்த்தான். சுற்றி நின்ற ஐந்து பேரின் வெறும் மணிக்கட்டுகளைப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது.

"எல்லாருதையும் இவரே போட்டிருக்காருங்களா?"

ரெஜினா தன் வெறும் மணிக்கட்டை மறைத்துக்கொண்டாள்.

"இப்பக் கழட்டாதீங்க. கழட்டினா இன்னும் சிக்கல்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரை விரித்தான்.

ஆறு வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு நோயாளியைத் தூக்கினார்கள். ஐந்து வண்டிகள் காலியாகத் திரும்பின.

*

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லியாக வேண்டும்.

சிறுதொழில் நலச் சட்டம் வந்த வருடம், ஐந்து பேருக்கு மேல் உழைக்கிற எந்தக் கடையும், முதலாளியையும் சேர்த்து எல்லோரையும் ஒரே குழுவாக மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தாக வேண்டும் என்று ஆனது. நல்ல சட்டம் என்றுதான் ஊரே பேசியது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாவற்றையும் அது கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். உடம்பு கெடுவதற்கு முன்பே, கம்பெனி கடைச் சுவரில் மாட்டிய பெட்டி எச்சரிக்கும். குழு ஆரோக்கியமாக இருந்தால் சந்தா குறையும். பட்டையைக் கழற்றினால் சந்தா ஏறும். கழற்றுகிறவர் எதையோ மறைக்கிறார் என்பது கம்பெனியின் எண்ணம்.

பெரிய மில்களுக்கு இதில் சிரமம் இல்லை. ஆயிரம் பேரில் நாலு பேர் கழற்றினால் சந்தாவில் அது தெரியவே தெரியாது. ஆறு பேர் இருக்கிற கடையில் ஒருவர் கழற்றினாலே சந்தா எகிறிவிடும். பல கடைக்காரர்கள் சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். ஓர் ஆளை நிறுத்திவிட்டு ஐந்து பேராகக் குறைந்துகொண்டார்கள். சட்டம் அவர்களைத் தொடாது.

கலாமணி யாரையும் நிறுத்தவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் பேக்கரிக்கு இன்னொரு தொல்லை இருந்தது. மாவில் கை வைக்கிறவர் மணிக்கட்டில் சாமி கயிறுகூட இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து வந்து மிரட்டிக்கொண்டிருந்தார். பட்டை மாட்ட வந்த நவனீதனிடம் கலாமணி அன்றைக்கே கேட்டாள். நவனீதன் 'அரவணை' காப்பீட்டுக் கம்பெனியின் களப் பணியாளன். எப்போது வந்தாலும் இரண்டு பப்ஸ் சாப்பிடாமல் போகமாட்டான்.

"ஏனுங்க தம்பி, சாப்பாட்டு ஆபீசரு கழட்டுங்கறாரு. நீங்க கழட்டாதீங்கறீங்க. நான் என்ன மாவக் கால்லயா பெசையறது?"

நவனீதன் சிரித்தான். "பட்டை கையில இருக்கோணும்னுதானுங்க்கா ரூலு. யார் கையிலன்னு மெஷின் கேக்காதுங்க. கல்லாவுல ஒருத்தர் மாவத் தொடாமத்தான நிக்கறாரு?"

அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து மாவறைக்குள் நுழைகிற ஐந்து பேரின் பட்டைகளும் திருமூர்த்தியின் கைக்குப் போயின. சாயங்காலம் திரும்பி வந்தன.

சென்னியப்பன் மட்டும் முரண்டு பிடித்தார். "வேண்டாமுங்க அம்மிணி. அவனவன் துடிப்பு அவனவன் கையில இருக்கட்டும்."

"அப்பறம் ஏறுற சந்தாவ நீங்க கட்டுவீங்களாண்ணா?"

அவர் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

திருமூர்த்திக்கு எல்லாமே விளையாட்டு. "எம் பொண்டாட்டிக்கே நான் இத்தன வளையல் வாங்கிக் குடுத்ததில்லீங்க" என்பான். டீ குடிக்க வருகிறவர்கள், "என்ன மூர்த்தி, எத்தனாவது மாசம்? வளைகாப்புக்குச் சொல்லவே இல்ல?" என்று கேலி செய்வார்கள். பல்லடத்தில் பாதி பேக்கரிகளில் கல்லாவில் இப்படி ஒரு வளையல்காரன் இருந்தான்.

*

கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்.

"மூணு அடைப்பு. ஊசி போட்டுத் தாக்குப்பிடிக்க வெச்சிருக்கோம். இருட்டறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும்."

திருமூர்த்தியின் மனைவி வாசுகி எழுந்துவிட்டாள். "பண்ணுங்க சார். அதுக்கு எதுக்குங்க என்கிட்டச் சொல்லிட்டு நிக்கறீங்க?"

"கம்பெனி அனுமதி வரலைம்மா."

அனுமதி இல்லாதவர்களுக்கு என்ன கட்டணம் என்று முன்மேசைப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். கடையையும் அடுப்பையும் சேர்த்து விற்றாலும் பாதிகூடத் தேறாது.

"அப்ப கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்" என்றார் சென்னியப்பன்.

"குழுக் காப்பீட்டுல இருக்கறவங்களுக்கு அங்க இந்த ஆபரேஷன் பண்ண மாட்டாங்க சார். காப்பீடு ரத்தாகி ஒரு மாசம் ஆனாத்தான் கவர்மெண்ட் திட்டத்துல சேர முடியும்."

"ஒரு மாசமா? அவனுக்கு ஒரு ராத்திரியே இல்லைன்னு டாக்டர் சொல்றாரே!"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருந்தது. "முதலாளி யாருங்க? உள்ள போய்ப் பேசச் சொல்றாங்க."

உள்ளே ஒரு சின்ன அறை. ஒரு மேசை, சில நாற்காலிகள், சுவரில் ஓர் ஒலிபெருக்கி. பேக்கரியில் ஆறு பெயர்களையும் வாசித்த அதே குரல் கலாமணியை வரவேற்றது.

"வணக்கம், கலாமணி அவர்களே. உங்கள் குழுவின் ஆறு பட்டைகளும் ஒரே உடலில் இருந்துள்ளன. இது முறைகேடு. காப்பு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது."

"இன்னிக்கு மட்டுந்தானுங்க. மாவு வேலை ஜாஸ்தி. அதனால..."

"இன்று மட்டும் அல்ல. இதுபற்றி எங்களுக்கு முன்பே தகவல் உண்டு."

"தகவலா? யாருங்க சொன்னது?"

"தகவல் வந்த வழி ரகசியமானது."

பிறகு குரல் விதியைச் சொன்னது. முதலாளிக்குத் தெரிந்தே நடந்திருந்தால் குழு முழுவதும் ரத்து. ஊழியர் ஒருவர் தானாகச் செய்திருந்தால் அவர் மட்டும் நீக்கப்படுவார். மற்றவர்களின் காப்பு, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை உட்பட, உடனே தொடரும்.

"நீக்கறதுன்னா?"

"அவர் பெயரில் சிவப்புக் குறி இடப்படும். ஏழு ஆண்டுகளுக்கு எந்தக் குழுவிலும் அவரைச் சேர்க்க இயலாது."

அதாவது ஐந்து பேருக்கு மேல் இருக்கிற எந்தக் கடையிலும் அவருக்கு வேலை கிடையாது.

"அப்படி ஒருவர் இருந்தால், குழுவினர் அனைவரும் இங்கே வந்து அதை உறுதி செய்ய வேண்டும். காத்திருக்கிறோம்" என்றது குரல், அன்பாக.

*

கலாமணி வெளியே வந்தபோது ரெஜினாவும் ராக்கி சகோதரர்களும் பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்கள். சென்னியப்பன் வாசுகிக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார். அவர் முழங்கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது.

முன்பே தகவல் உண்டு. அந்த மூன்று சொற்கள் கலாமணியின் காதில் ஓடிக்கொண்டே இருந்தன. கடையின் இந்த நான்கு முகங்களில் ஒன்று.

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன வாரம் கடைக்குப் பின்னால் நவனீதனின் பைக் பக்கத்தில் சென்னியப்பன் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரை மாடிப்படி ஓரம் கூப்பிட்டாள். ரெஜினா தானாகவே பின்னால் வந்தாள்.

"போன வாரம் நவனீதன்கிட்ட என்னண்ணா பேசிட்டு இருந்தீங்க?"

"எப்பங்க அம்மிணி?"

"கடைக்குப் பொறத்தால. என்னப் பாத்ததும் வாய மூடிட்டீங்களே, அப்ப."

அவர் பதில் சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். அந்தச் சற்று நேரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தது.

"பட்டையக் கால்ல மாட்டிக்கலாங்களான்னு கேட்டனுங்க. கரண்டக்கால்ல மாட்டினா மாவுல படாது பாருங்க. அவனவனுது அவனவன் மேலயே இருக்கும்."

"அதுக்கு எதுக்கு ஒளிஞ்சு நின்னு பேசோணும்?"

"உங்ககிட்டச் சொன்னா எரிஞ்சு உழுவீங்க. அதான், மொதல்ல கேட்டுப்போட்டுச் சொல்லலாம்னு. ஆவாதுன்னு சொல்லிட்டான். அதோட உட்டுட்டனுங்க."

"கால்ல மாட்டறதாம்!" ரெஜினா குறுக்கே புகுந்தாள். "கதை நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். மொதல்ல இருந்தே வேண்டாம் வேண்டாம்னு நின்னது நீங்க ஒருத்தர்தான். வேற யாரு போய்ச் சொல்லியிருப்பா?"

"ரெஜினா, வாய அளந்து பேசு."

"அவ கேக்கறதுல என்ன தப்பு?" கலாமணியின் குரல் உடைந்தது. "ஊர்ல எல்லாரும் ஆளு நிறுத்துனாங்க. நான் ஒருத்தரையாச்சும் போகச் சொன்னனா? ஒருத்தர நிறுத்தியிருந்தா எனக்கு இந்தப் பட்டையே இல்ல, இந்தக் கெரகமே இல்ல. எங்கப்பா காலத்துல இருந்து இருக்கீங்க. உங்க பொண்ணு சீருக்கு மொத ஆளா வந்து நின்னவ நானு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டு அவங்ககிட்டப் போயிருக்கலாமல்லண்ணா?"

"நான் போவலீங்க அம்மிணி."

"அப்பறம் எப்படி அவங்களுக்குத் தெரிஞ்சுது?"

அவர் வேட்டி நுனியால் முழங்கை மாவைத் துடைத்தபடி நின்றார். பதில் இல்லாததையே கலாமணி பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அவள் எல்லோரையும் கூட்டி விதியைச் சொன்னாள். யாராவது ஒருவர் பெயர் வேண்டும். முதலாளி பெயர் உதவாது. சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள்.

"எம் பேரச் சொல்லுங்களேன்" என்றான் தம்பி ராக்கிமுத்து திடீரென்று. "நான் சின்னப் பையந்தான, எங்கயாச்சும் பொழச்சுக்குவேன்."

அண்ணன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். "உனக்குக் கல்யாணம் பேசியிருக்குது. கம்முனு இரு."

வாசுகி எழுந்து வந்தாள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது. "யார் பேரச் சொன்னாலும் செரிங்க்கா. சீக்கிரம் சொல்லுங்க" என்றாள். சென்னியப்பன் பக்கம் அவள் திரும்பவில்லை.

*

சின்ன அறையில் ஐந்து பேரும் நின்றார்கள்.

கலாமணி சொன்னாள். "மாவறைக்குள்ள போறப்ப பட்டையக் கழட்டி மாஸ்டர்கிட்டத்தானுங்க குடுப்போம். பெட்டியில வெக்கறாருன்னு நெனச்சோம். மூர்த்தி கையில மாட்டினது எனக்குத் தெரியாதுங்க."

தினமும் கல்லாவில் நிற்கிறவன் கையை ஒரு நாள்கூட நீங்கள் பார்த்ததில்லையா என்று அந்தக் குரல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

"ரெஜினா அவர்களே, இது உண்மையா?"

"ஆமாங்க."

"ராக்கியண்ணன் அவர்களே?"

"ஆமாங்க."

"ராக்கிமுத்து அவர்களே?"

தம்பி தரையைப் பார்த்தான். அண்ணன் இருமினான்.

"ஆமா."

"சென்னியப்பன் அவர்களே, இதை ஏற்கிறீர்களா?"

அவர் கதவின் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். வாசுகி ஆபரேஷன் அறை வாசலில் நெற்றியைச் சுவரில் சாய்த்து நின்றிருந்தாள்.

"ஏத்துக்கறனுங்க."

"நன்றி. சிகிச்சைக்கு அனுமதி வழங்கப்பட்டது. உங்கள் குழுவின் நலமே எங்கள் நலம்."

வெளியே ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

சென்னியப்பன் வராந்தா முனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கலாமணியின் முன்னால் நின்றார்.

"மூர்த்திக்காகச் சொன்னேன். நீ சொன்னதுக்காக இல்ல."

அவள் பாவாடை சட்டையோடு கடைக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், ஒரு 'ங்க' போடாமல் பேசியதில்லை. அன்றைக்கு இரண்டும் இல்லை. கலாமணி அதைக் கவனித்தாள். காட்டிக்கொடுத்தவருக்கு ரோஷம் வேறா என்று நினைத்தாள்.

*

திருமூர்த்தி பிழைத்துக்கொண்டான்.

பேக்கரிதான் பிழைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். புது மாஸ்டர் ஒருவர் வந்தார். அவர் போட்ட பன்னை அமுக்கிப் பார்த்த ஆசிரியர் ஒருவர், "ஏம்மா, இத வெச்சுச் செவுரு கட்டலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலையில் பிரெட்டுக்காக நின்ற கூட்டம் மெல்ல எதிர்த்த வரிசைக் கடைக்கு நகர்ந்தது.

கலாமணி அதையும் சென்னியப்பன் கணக்கில்தான் எழுதினாள். பேக்கரி உரிமையாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். "சொந்தம் மாதிரி இருக்கறவங்கதான் மொதல்ல போய்ச் சொல்றாங்க. பாத்துப் பொழைங்க" என்றாள். பலர் தலையாட்டினார்கள். அந்த வாரமே இரண்டு கடைகளில் பழைய ஆட்களுக்குக் கணக்கு முடித்தார்கள். சந்தேகம் என்று வந்துவிட்டால் அப்புறம் ஆதாரத்துக்கு யாரும் காத்திருப்பதில்லை.

பொங்கல் கழித்துத் திருமூர்த்தி வேலைக்குத் திரும்பினான். பாதி ஆளாக இளைத்திருந்தான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் கேட்டான்.

"மாஸ்டர் எங்கீங்க்கா? ஆஸ்பத்திரிக்கும் வரல, போனும் எடுக்கறதில்ல. வாசுகியக் கேட்டா பேச்ச மாத்தறா."

கலாமணி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"மாஸ்டரா? தெனமும் காலையில எனக்குப் பட்டை மாட்டி உட்டது அவருதானுங்க. 'இறுக்கமா இருக்குதா, கை மரத்துப் போவுதாடா'ன்னு கேக்காம ஒரு நாளு உள்ள போனதில்ல. அவரா போய்ச் சொன்னாருங்கறீங்க?"

"அவரே ஒத்துக்கிட்டாரு."

"எதுக்கு ஒத்துக்கிட்டாருன்னு நீங்க கேட்டீங்களா?"

கலாமணி மாவறைக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கே அவன் சென்னியப்பன் வீட்டுக்குப் போனான். பூட்டியிருந்தது. பாலக்காட்டுப் பக்கம் ஏதோ பேக்கரியில் மாவு பிசையப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாளையாறு தாண்டிவிட்டால் கேரளம், அங்கே இந்தச் சட்டம் கிடையாது. மாஸ்டர் வேலை இல்லையாம், எடுபிடி வேலைதானாம். மனைவியையும் கூட்டிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு திருமூர்த்தி கலாமணியோடு வியாபாரத்துக்கு வேண்டியதை மட்டும் பேசினான். தான் உயிரோடு இருப்பதே ஒருவரிடமிருந்து பிடுங்கியது போல அவனுக்கு இருந்தது.

*

மாசி மாதத்தில் நவனீதன் வந்தான். கையில் புதுப் பட்டைகள் இருந்த அட்டைப்பெட்டி. முகத்தில் அதே சிரிப்பு.

"புதுப்பிக்கற நேரமுங்க்கா. புது மாஸ்டரையும் சேத்தாச்சு. உங்க குழு மறுபடியும் பச்சைக்கு வந்திருச்சு, சந்தா குறையும், வாழ்த்துகள்! ஒரு பப்ஸ் சூடா இருக்குதுங்களா?"

ரெஜினா தட்டில் வைத்துக் கொடுத்தாள். திருமூர்த்தி கல்லாவில் நின்று, டீக்கு வந்தவருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான்.

கலாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூன்று மாதமாக அவள் யாரிடமும் கேட்காத கேள்வி அது. கேட்காமலே பதில் தெரியும் என்று இருந்தாள். ஆனால் மூர்த்தி கேட்டதற்குப் பிறகு அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவன் காதுபடவே பதில் வரட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, இப்பவாச்சும் சொல்லுங்க. எங்க மாஸ்டர் உங்க கம்பெனிக்கு எப்ப வந்து சொன்னாரு?"

"எந்த விசயமுங்க?"

"அதாங்க. பட்டைய எல்லாம் மூர்த்தி போட்டிருக்கான்னு."

நவனீதன் பப்ஸை மெல்லுவதை நிறுத்தினான். "அவரு ஒண்ணும் சொல்லலீங்களே."

"அப்ப வேற யாரு? ரெஜினாவா? அந்த அண்ணன் தம்பியா? யாரா இருந்தாலும் இனி நான் ஒண்ணும் பண்ணப்போறதில்ல. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

ரெஜினா தட்டோடு அப்படியே நின்றாள். மாவறை வாசலில் அண்ணனும் தம்பியும் வந்து நின்றார்கள். சில்லறை எண்ணிக்கொண்டிருந்த திருமூர்த்தியின் கை நின்றது.

நவனீதன் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தன்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்ற குழப்பம்தான் இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னான்.

"யாருமே சொல்லலீங்க்கா, ஆறு பட்டையிலயும் ஒரே துடிப்புதான் ஓடுதுன்னு ஆபீசுக்கு மொத நாளே தெரியும், அந்தத் துடிப்பு கெட்டுட்டு வருதுன்னு ஆடி மாசத்துலயே தெரியும்."